பான் ஏசியன் ஓட்டலில் ஒரு தீவனக்காரன்

கோழித் தீவனம் விற்கிறவனுக்குச் சூஷியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். பல்லடம், பொங்கலூர், உடுமலை, தாராபுரம் என்று பண்ணை பண்ணையாகச் சுற்றுவதுதான் என் பிழைப்பு. ஆனால் கம்பெனிக்காரர்கள் புனேயில் இருந்தோ ஹைதராபாத்தில் இருந்தோ வந்தால் அவர்களைக் கோயமுத்தூரில் சாப்பிடக் கூட்டிப்போவதும் என் வேலையில் சேர்த்தி. முன்பெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது வருகிற பசங்கள் ஏர்போர்ட்டில் இறங்கும்போதே ரேஸ் கோர்ஸ் பக்கம் ஏதாவது பான் ஏசியன், அதாவது பல ஆசிய நாட்டுச் சாப்பாடும் போடுகிற ஓட்டல், இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் என் அக்கா மகள், போனஸ் வந்தால் எங்களை அங்கேதான் இழுத்துப் போவாள்.

ஆக, என் வயதுக்காரர்கள் வட்டாரத்தில் இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, மெனு கார்டைத் திறந்த கையோடு எனக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. "ஏனுங் மாமா, ஒண்ணும் புரியலீங். என்னங் சொல்றது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த மெனு கார்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜப்பான், கொரியா, சீனா, தாய்லாந்து, மலேசியா, பர்மா என்று ஆறேழு நாடுகள் அதில் இருக்கும். சமையல்கட்டு மட்டும் ஒன்றுதான். ஆறு நாட்டுச் சமையலையும் கரைத்துக் குடித்தவர்கள் உள்ளே நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி ஓட்டல்களில் நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்த சமையல்காரர்கள் பெரும்பாலும் டார்ஜிலிங், மணிப்பூர், நேபாளம் பக்கத்துப் பசங்கள். அவர்களுக்கு மோமோ பிடிப்பது சின்ன வயதிலேயே கையோடு வந்தது. சூஷிக்காக நோரி என்கிற கடற்பாசி இலையில் சோறு சுருட்டுவதை வேலைக்கு வந்த பிறகுதான் கற்றிருப்பார்கள். எனவே ஆவியில் வேகிற ஐட்டங்களில் ஆரம்பியுங்கள். கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்து வேகவைக்கிற டம்ப்ளிங், டிம் சம், பாவ், எதுவானாலும் சரி. கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிகிற மெல்லிய தோல் போட்ட டம்ப்ளிங் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்தத் தோலைச் சரியாகச் செய்கிற கடையில் மற்றதையும் நம்பலாம். தோல் தடித்து, மாவு பல்லில் ஒட்டினால், அடுத்து எதைச் சொல்வது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ஒரு ஐட்டத்தின் பெயரைப் படித்ததும், அதற்கான சாமான் எத்தனை தூரத்தில் இருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் இருக்கிற இடம் அப்படிப்பட்ட இடம். கறிக்கோழிக்குத் தமிழ்நாடே பல்லடம் விலையைப் பார்க்கிறது. முட்டைக்கு நாமக்கல். தேங்காய்க்குப் பொள்ளாச்சி, ஆனைமலை. பாக் சோய், புரொக்கோலி, சைனீஸ் முட்டைக்கோஸ், காளான் எல்லாம் நீலகிரி மலையில் விளைந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிறது. ஜவ்வரிசிக்கும் கிழங்கு மாவுக்கும் சேலம். இத்தனையும் இருநூறு கிலோமீட்டருக்குள். ஆசியா முழுக்கச் சமைக்கிற பாதிச் சாமான் நம்மைச் சுற்றியே கிடக்கும்போது, விமானத்தில் ஐஸ் பெட்டியில் வந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது சால்மன் சூஷி. நம் கடலில் சால்மன் கிடையாது. இங்கே வருவது பெரும்பாலும் நார்வேப் பண்ணைகளில் வளர்ந்து, குளிரூட்டி அனுப்பிய மீன். கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லவில்லை, நல்ல கடைகளில் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கொடுக்கிற 700, 800 ரூபாயில் ஒரு பங்கு பயணச் செலவுக்குப் போகிறது, அவ்வளவுதான். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஜப்பான்காரர்களே முன்பெல்லாம் சால்மனைப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. அவர்கள் கடலில் பிடிபடும் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும் என்பதால் உப்புப் போட்டுச் சுட்டுத்தான் தின்பார்கள். 1980களின் நடுவில் நார்வேக்காரர்கள் போய், எங்கள் பண்ணை மீனில் அந்தப் பிரச்சினை இல்லை என்று வருஷக்கணக்கில் பேசிப் பேசி அவர்களைச் சாப்பிட வைத்தார்கள். ஜப்பானுக்கே சூஷியில் புது மீன் விற்றிருக்கிறார்கள்! நானும் விற்பனைத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், அந்த ஆட்களுக்கு ஒரு கும்பிடு.

சூஷி சாப்பிட்டே ஆகணும் என்று கூட வந்தவர்கள் அடம் பிடித்தால் அவகாடோ ரோல் சொல்லுங்கள். நம் ஜூஸ் கடை பட்டர் ஃப்ரூட்தான் அது. கொடைக்கானல் கீழ்மலையில் விளைகிறது. இறாலை மாவில் முக்கிப் பொரித்து வைக்கிற டெம்புரா ரோலும் பரவாயில்லை, வெந்த ஐட்டம். தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை வைப்பார்கள். அது புதினாச் சட்னி இல்லை, வசாபி. இன்னும் சொல்லப்போனால் அது வசாபியும் இல்லை. நிஜ வசாபிக் கிழங்கு விலை கட்டுப்படியாகாது என்பதால் உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்கிற வேரையும் கடுகையும் அரைத்துப் பச்சை நிறம் சேர்த்துத்தான் தருகிறார்கள். கடுகளவு எடுத்தால் போதும், மூக்கு திறந்துவிடும்.

இனி கோழி. இங்கே மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நாளில் இரண்டு கிலோ வரும் கறிக்கோழியை நம் பெரியவர்கள் மட்டமாகப் பேசுவார்கள். நாட்டுக்கோழி மாதிரி வருமா என்பார்கள். குழம்புக்கு வராதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய தீயில் வாணலியைக் காயவிட்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் புரட்டி இறக்குகிற சீனத்து, தாய்லாந்துச் சமையலுக்கு இளம் கறிக்கோழிதான் பொருந்தும். நாட்டுக்கோழியை அப்படிப் போட்டால் ரப்பரைக் கடிக்கிற மாதிரிதான் இருக்கும். விஷயம் எந்தத் துண்டு என்பதில் இருக்கிறது. ஓட்டலில் போன்லெஸ் என்றால் முக்கால்வாசி நெஞ்சுக்கறி. கொழுப்பு இல்லாத இடம் என்பதால் தீ கொஞ்சம் கூடினாலும் வறண்டு நார் நாராகிவிடும். தொடைக்கறியில் கொழுப்பு உண்டு, எவ்வளவு புரட்டினாலும் சாறு நிற்கும். அதனால் ஆர்டர் எடுக்க வருகிற தம்பியிடம் "தொடைப் பீஸ்ல பண்ணித் தருவீங்களா" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல கடையில் உடனே சரி என்பார்கள். தாய் பேசில் சிக்கன் சொன்னால் இந்தக் கவலையே இல்லை, அது கொத்துக்கறி.

காரமும் நல்லெண்ணெய் வாசமுமாக வளர்ந்த நம் ஆட்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது குங் பாவ் சிக்கன். வறமிளகாயைக் காய்ந்த எண்ணெயில் கருக விடாமல் பொரித்து, அதிலேயே கோழியைப் புரட்டி, வேர்க்கடலை போட்டு இறக்குவது. பள்ளிபாளையம் சிக்கனின் சீனத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய்ப் பல்லுக்குப் பதில் கடலை. உடன் சிச்சுவான் மிளகும் இருந்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும். பயந்துவிடாதீர்கள், அதன் குணமே அது. கொரியன் ஃப்ரைடு சிக்கன் வேறு சாதி. இரண்டு தடவை பொரிப்பதால் மொறுமொறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் மேலே பூசுகிற கோச்சுஜாங் சாஸ் தித்திப்பு. கறியில் தித்திப்பு ஆகாதவர்கள் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோபி மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் அந்த மெனுவிலேயே எங்காவது ஒளிந்திருக்கும். தெரிந்த பெயரைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். போக விடாதீர்கள். மஞ்சூரியன் சீனாவில் பிறந்ததே அல்ல. 1975-ல் மும்பையில் நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் கிரிக்கெட் கிளப்பில் உண்டாக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மூரில் அதற்கும் மேலே ஒரு படி போய், சாயங்காலத் தள்ளுவண்டியில் காளான் என்று ஒன்று போடுகிறோம். பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான் இருக்கும், இருந்தால் என்ன? பெரிய தோசைக்கல்லில் அது கொதிக்கிற வாசமும், மேலே தூவுகிற வெங்காயமும் மல்லித்தழையும் ஏசி ஓட்டலில் கிடைக்குமா? அந்த ருசி வேண்டும் என்றால் காந்திபுரத்தில் ஒரு வண்டியோரம் நின்று சாப்பிட்டுவிட்டு, மீதிப் பணத்தில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கிரேவி வகையறாவில் எனக்கு ஒரு தொழில் சிரிப்பும் உண்டு. கோழித் தீவனத்தில் முக்கியமானது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஓட்டலில் கோழியை முக்கிப் பொரிப்பது மக்காச்சோள மாவில், புரட்டுவது சோயா சாஸில். உயிரோடு இருக்கும்போது உள்ளே போனது, போன பிறகு வெளியே ஒட்டிக்கொள்கிறது. முதல் தடவை என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "சாப்பிடற இடத்துல உங்க தீவனக் கணக்கு எதுக்குங்" என்றாள். எடமாமே என்று பச்சைச் சோயாக் காயை வேகவைத்து உப்புத் தூவி 300 ரூபாய்க்கு மேல் கிண்ணத்தில் வைப்பதைப் பார்த்தால், டன் கணக்கில் சோயா வாங்கி விற்கிறவனுக்கு வயிறு எரியாதா? நன்றாகத்தான் இருக்கும், நான் மட்டும் சொல்ல மாட்டேன்.

முட்டைக்கு வருவோம். ராமென் நூடுல்ஸ் கிண்ணத்தில் முட்டையை இரண்டாக வெட்டி வைப்பார்கள், மஞ்சள்கரு பாதி வெந்து, சோயா சாஸில் ஊறி, தேன் நிறத்தில். ஆஃப் பாயில் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ராமென் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். சூப்பு எலும்பு போட்டு எத்தனை மணி நேரம் கொதித்தது? தம்பி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தெளிவாகச் சொன்னால் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ராமெனில் சூப்புதான் எல்லாம். அது பொடியில் கலக்கியதாக இருந்தால், வீட்டில் இரண்டு நிமிஷ நூடுல்ஸ் செய்து நாமக்கல் முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிக்கொள்வது மேல்.

தேங்காய்ப்பால் ஐட்டங்கள்தான் என் கட்சி. தாய் கிரீன் கறி, மலேசியா லக்ஸா, பர்மா காவ் சுவே. இதிலும் கேட்க வேண்டியது, தேங்காய்ப்பால் பிழிந்ததா, பாக்கெட்டா என்பதுதான். பொள்ளாச்சிக்கு முக்கால் மணி நேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு தாய்லாந்தில் இருந்து வந்த பாக்கெட்டை வெட்டுகிற கடைகள் இருக்கின்றன. ஆனைமலையில் தோப்பு வைத்திருக்கும் என் மச்சானிடம் சொன்னால் அடிக்கவே வருவார். வெள்ளை ஈயும் வாடல் நோயும் மரத்தைத் தின்றது போக மிஞ்சிய காயை விற்பதற்குள் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும்.

கிரீன் கறி ஒழுங்காகச் செய்ததா என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். முதல் பாலைச் சட்டியில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்த பிறகு அந்த எண்ணெயிலேயே அரைத்த மசாலாவை வதக்குவது தாய்லாந்துக்காரர்கள் முறை. அப்படிச் செய்தால் மேலே பச்சை எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். வெள்ளைப் பெயின்டில் பச்சை கலந்தது மாதிரி மழமழவென்று இருந்தால் பாலையும் பேஸ்டையும் ஒன்றாகக் கலக்கிக் கொதிக்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரியவர்கள் கூட வந்தால் மசமன் கறி சொல்லலாம். பட்டை, ஏலக்காய், உருளைக்கிழங்கு, கடலை எல்லாம் போட்ட கறி, காரம் குறைவு.

குடும்பத்தோடு போனால் காவ் சுவே கட்டாயம் சொல்லுங்கள். கடலை மாவு கரைத்து விட்ட தேங்காய்ப்பால் குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி, வறுத்த வெங்காயம், பூண்டு, வேர்க்கடலை, மல்லித்தழை, எலுமிச்சை, மிளகாய்ப்பொடி, அவித்த முட்டை எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைப்பார்கள். அவரவர் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். காரம் பத்தலை, புளிப்பு பத்தலை என்று சண்டை வராது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே ஐட்டத்தில் வேலை முடிகிறது.

தாய்லாந்து டாம் யம் சூப்பை ஒன் பை டூ சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். இறால் போட்ட டாம் யம்மை 2024-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அந்த மரியாதைக்காவது ஒரு தடவை குடிக்கலாம். அதில் மிதக்கிற லெமன்கிராஸ் தண்டு, அரத்தைத் துண்டு, எலுமிச்சை இலை எல்லாம் வாசத்துக்குத்தான், மெல்ல வேண்டாம். பேட் தாய் நூடுல்ஸ் சொல்கிறவர்கள் புளி போட்டதா, தக்காளி கெச்சப் போட்டதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். கெச்சப் என்றால் வேண்டாம்.

சைவக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். என் அம்மா புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொட மாட்டார். சனிக்கிழமை காரமடைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மற்ற பேச்சு. அவரையும் வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் ஒரு தடவை போக வேண்டி வந்தது. வெஜ் பக்கத்தில் இருந்தே எல்லாம் சொன்னோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தாய்லாந்துச் சமையலுக்கு உப்பே மீன் சாஸ்தான். கறி பேஸ்டில் காய்ந்த இறால் விழுது இருக்கும். மிசோ என்கிற சோயா விழுதுச் சூப்புக்கு அடித்தண்ணீர் பெரும்பாலும் போனிட்டோ என்கிற காய்ந்த மீனில் இறக்குவது. கிம்ச்சி என்கிற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் மீன் சாஸோ உப்பு இறாலோ சேரும். ஓய்ஸ்டர் சாஸ் சிப்பியில் செய்வது, காளானில் செய்கிற சைவ வகையும் உண்டு. ஆகவே "இது வெஜ்தானே" என்று கேட்டால் "ஆமாங் சார்" என்றுதான் பதில் வரும். "மீன் சாஸ் இருக்கா, இறால் பேஸ்ட் இருக்கா, ஓய்ஸ்டர் சாஸ் எதுல செஞ்சது" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் உள்ளே போய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு அம்மாவுக்குப் பிடித்தது, பூண்டு தட்டிப் போட்டு வெறுமனே வதக்கிய பாக் சோய். தண்டு கடிபட, இலை பச்சை மாறாமல். ஊட்டிக் கீரையை ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தார்கள், அதுதான் ருசி. டோஃபுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது உம்பட புண்ணாக்குல செஞ்சதாடா" என்றார். சோயாப்பாலைத் திரித்துச் செய்வது அம்மா, புண்ணாக்கு எண்ணெய் எடுத்த சக்கை என்று விளக்கியும், ஒரு துண்டுக்கு மேல் போகவில்லை.

அஜினோமோட்டோ பயம் சிலருக்கு. கடற்பாசிச் சாறில் இருந்து அந்த ருசியைக் கொடுக்கிற குளூட்டமேட்டைப் பிரித்துக் காட்டியவர் கிகுனே இகேடா என்கிற ஜப்பான் விஞ்ஞானி, 1908-ல். பழுத்த தக்காளியில் இயற்கையாகவே அதே குளூட்டமேட் இருக்கிறது. எனக்கு அதில் பயமில்லை. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் பயப்பட வேண்டியது சோயா சாஸில் இருக்கிற உப்புக்கு. அதைக் கிண்ணத்தில் ஊற்றிச் சோற்றை முக்கி முக்கிச் சாப்பிடாதீர்கள்.

அளவு பற்றி. நம் ஆட்களுக்கு விருந்தாளி என்றால் மேஜை நிறைய வேண்டும், இல்லாவிட்டால் மனசு கேட்காது. இந்தக் கடைகளில் அது ஆகாது. நாலு பேருக்கு இரண்டு தட்டு டம்ப்ளிங், ஒரு கீரை, ஒரு உலர்ந்த கோழி, ஒரு தேங்காய்ப்பால் கறி, சோறு ஒன்று. இதை முடித்துவிட்டு நூடுல்ஸ் வேண்டுமா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஆறிப்போகும். சூடு போன டம்ப்ளிங்கும் ஆறிய வறுவலும் யாருக்கும் வேண்டாம். தண்ணீருக்குப் பாட்டிலை நீட்டினால் சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லுங்கள். சிறுவாணி வருகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீருக்குத் தனிக் காசா?

கடைசியில் இனிப்பு. மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டரிசியும் சித்திரை, வைகாசியில் மட்டும். மற்ற மாதங்களில் டப்பா மாம்பழம்தான் வரும். சின்னப் பிள்ளைகள் பபிள் டீ கேட்பார்கள். 1980களில் தைவானில் ஆரம்பித்த சமாச்சாரம். அடியில் கிடக்கிற கறுப்பு உருண்டை குச்சிக்கிழங்கு மாவு. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் காட்டில் விளைகிற அதே கிழங்கு. வாங்கிக் கொடுங்கள், சர்க்கரையை மட்டும் பாதியாகப் போடச் சொல்லுங்கள்.

பில் வந்தால் ஒரு தடவை படியுங்கள். 5 சதவீதம் ஜிஎஸ்டி சரி. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். தொடைப் பீஸ் கேட்டு, பாட்டில் பார்க்கச் சொல்லி, இரண்டு மூன்று தடவை உள்ளே ஓட விட்ட தம்பிக்கு அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.